பெயரும் வினையும்: இணையக் கலைக்களஞ்சிய வாழ்க்கைக் குறிப்புகளில் குற்றத் தீர்ப்பு

முன்னுரை

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ள வலியசாலை, பழைய தமிழ்க் குடியிருப்பாலும் மகாதேவர் கோயிலாலும் அறியப்பெறும் பகுதியாகும். முதலாம் இராசராசனின் (985 - 1014) மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. அம்மெய்க்கீர்த்தி மன்னனின் வெற்றிகளை அடுக்கும்போது முதலில் வைப்பது, அவன் இச்சாலையில் ‘கலமறுத்த’ செய்தியை. கலம் என்றது மரக்கலத்தையா உண்கலத்தையா, அறுத்தல் என்றது அழித்தலையா நிறுத்தலையா என்னும் வினாக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பெற்று வருகின்றன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலை குறித்துத் தனி ஆய்வே எழுதினார். வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. அதற்குக் காரணம் சொற்பொருள் மயக்கம் மட்டுமன்று. நிகழ்ந்த ஒரு செயல், யார்மீது நிகழ்ந்தது, எக்காரணத்தால் நிகழ்ந்தது, யார் கூற்றின்படி நிகழ்ந்தது என்பவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டு, ஒரு மன்னனின் அடைமொழியாகிக் கல்லில் ஏறிவிட்டது. சாலையில் இருந்தோர் தரப்புக் கல்லில் இல்லை.

ஆட்சியாளர் வாழ்க்கையைச் சில வரிகளில் சுருக்கிச் சொல்லும் பணி இன்று இணையக் கலைக்களஞ்சியத்தின் கைக்கு வந்துள்ளது. விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டிலும், அதன் மலையாளப் பதிப்பு 2002இலும், தமிழ்ப் பதிப்பு 2003இலும் தொடங்கப்பெற்றன. நாடறிந்த தலைவர்களுக்கு மட்டுமன்றி, ஒருமுறை சட்டமன்றத்திற்குச் சென்றுவந்தவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அப்பக்கத்திற்கு உரியவர்மேல் ஒரு நீதிமன்றம் குற்றத் தீர்ப்பு வழங்கி, அத்தீர்ப்பு மேல்முறையீட்டிலோ மக்கள் மன்றத்திலோ மறுக்கப்படும்போது, அதனை எவ்வாறு எழுதுவது அறம் என்பதே இக்கட்டுரை ஆராயும் சிக்கல். எழுதாமல் விடுதல் வாக்காளருக்குச் செய்யும் வஞ்சனை. எழுதும் முறை பிழைத்தால் அது ஒரு மனிதருக்குச் செய்யும் கொடுமை.

சொல் செய்யும் தீர்ப்பு

தொல்காப்பியர் வேற்றுமையியலில் பெயர்ச்சொல்லின் இயல்பைக் கூறும்போது, பெயர் காலம் காட்டாது என்கிறார். தொழிலை அடியாகக் கொண்டு பிறக்கும் பெயர்களை மட்டும் அதற்கு விலக்காக வைக்கிறார். இவ்விலக்கணம் இங்குப் பெரிதும் பயன்படுவதாகும். ‘தண்டிக்கப்பட்டவர்’ என்பது வினையாலணையும் பெயர். அதில் இறந்தகாலம் உண்டு. யாரோ ஒருவர் தண்டித்தார் என்னும் குறிப்பும் உண்டு. கேட்பவர் ‘எப்போது, எந்த நீதிமன்றத்தால்?’ என்று வினவ அச்சொல்லே இடந்தருகிறது. ‘குற்றவாளி’ என்பதில் அவை இல்லை. ஆளி என்னும் ஈறு உடைமையை உணர்த்துவது. நோயாளியின் நோய் நீங்கினால் அப்பெயரும் நீங்கிவிடும் என்று வழக்கு ஏற்றுக்கொள்கிறது. குற்றவாளி என்னும் பெயருக்கு அத்தகைய முடிவு வழக்கில் இல்லை. ஆங்கிலக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளைப் பின்பற்றி ‘இன்னார் ஓர் அரசியல்வாதியும் குற்றவாளியும் ஆவார்’ என்று முதற்றொடர் அமைக்கும்போது, ஒருநாள் ஒரு நீதிமன்றத்தில் நிகழ்ந்த செயல் அம்மனிதரின் இயல்பாக மாறிவிடுகிறது.

தமிழ் வழக்கு இவ்வகையில் முன்னரே சாய்வுடையது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையின்போது நிற்கும் இடத்தையே ‘குற்றவாளிக் கூண்டு’ என்கிறோம். காவல்துறை ஆவணங்களில் அவர் ‘எதிரி’. மலையாளத்தில் அவர் ‘பிரதி’. இரு மொழிகளுக்கும் இடையே வாழும் திருவனந்தபுரத் தமிழர், மலையாள நாளிதழில் ‘பிரதி’ என்று படித்ததைத் தமிழில் பெயர்க்கும்போது ‘குற்றவாளி’ என்றே சொல்லிவிடுவதுண்டு. விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

இதனினும் நுட்பமான மயக்கம் ‘விடுதலை’ என்னும் சொல்லில் உள்ளது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறுவதும் விடுதலை. தண்டனைக் காலம் முடிந்தோ குறைக்கப்பட்டோ சிறைக்கதவு திறப்பதும் விடுதலை. இம்மயக்கம் ஒரு வாழ்க்கைக் குறிப்பை எந்த அளவு பிறழச் செய்யும் என்பதற்குக் கேரளத்திலேயே தக்க சான்று உண்டு.

இடமலையாறு வழக்கு

கொட்டாரக்கரை ஆர். பாலகிருஷ்ண பிள்ளை (இறப்பு 2021), கேரள காங்கிரசின் நிறுவனர்களுள் ஒருவர். பலமுறை அமைச்சராக இருந்தவர். 1980களில் அவர் மின்துறை அமைச்சராக இருந்தபோது, இடமலையாறு நீர்மின் திட்டத்தின் சுரங்கப் பணிகளை மிகை விலைக்கு ஒப்பந்தம் கொடுத்ததாக வழக்குத் தொடரப்பெற்றது. 1999இல் தனி நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2003இல் கேரள உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வி. எஸ். அச்சுதானந்தன் உச்சநீதிமன்றம் சென்றார். 2011 பிப்ரவரி 10 அன்று உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றிப் பிள்ளைக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. வலியசாலையிலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ள பூஜப்புரை மத்தியச் சிறைக்கு அவர் சென்றார். அவ்வாண்டு நவம்பரில், கேரளம் உருவான நாளையொட்டிய தண்டனைக் குறைப்பில் வெளிவந்தார்.

இவ்வரலாற்றில் ‘விடுதலை’ இருமுறை நிகழ்கிறது. 2003இல் நிகழ்ந்தது குற்றத்தினின்று விடுதலை. 2011இல் நிகழ்ந்தது சிறையினின்று விடுதலை. ‘இடமலையாறு வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பின் விடுதலையானார்’ என்று ஒருவர் எழுதினால் அது பொய்யன்று. ஆயினும் முதல் விடுதலையை மனத்திற்கொண்டு படிப்பவர் அவரைக் குற்றமற்றவர் என்றே கொள்வார். இறுதித் தீர்ப்போ அதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்தும் தொடர் பொய்யாவது இப்படித்தான். கட்சிச் சார்புடைய திருத்துநர் ஒருவருக்கு இதைவிட வசதியான சொல் தமிழில் கிடைப்பது அரிது.

பிள்ளையின் வழக்கு மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. சிறையிருந்த காலத்தையொட்டி வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘பிரிசனர் 5990’. தம் கைதி எண்ணையே தலைப்பாக்கியவர் அத்தீர்ப்பைத் தம் வாழ்விலிருந்து அழிக்க முயன்றார் என்று யாரும் கூற இயலாது. 2017இல், அவரை நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற அச்சுதானந்தன் சார்ந்த இடதுசாரி முன்னணியின் அரசே, முன்னேறிய சமூகங்களுக்கான நலக் கழகத்தின் தலைவர் பதவியை அவருக்கு அளித்தது. நீதிமன்றம், எதிர்க்கட்சி, தொகுதி மக்கள், தண்டிக்கப்பட்டவர் என ஒவ்வொருவரும் அத்தீர்ப்புக்கு வெவ்வேறு எடை தந்தனர். இவ்வெடைகளைக் கூட்டிக் கழித்து ஒரே அடைமொழியாக்குவது கலைக்களஞ்சியத்தின் வேலையன்று. 1999, 2003, 2011 என்னும் மூன்று ஆண்டுகளையும், தீர்ப்பளித்த மூன்று நீதிமன்றங்களையும், 2017இன் நியமனத்தையும் நிகழ்ந்த வரிசையில் சொன்னாலே போதும். அதற்கு நான்கு தொடர்கள் வேண்டும். ஒரு சொல்லில் முடிக்கும் ஆசைதான் இங்குத் தீங்கு செய்வது.

நிறுத்திவைத்தலும் நீக்குதலும்

மேல்முறையீடு நிலுவையில் உள்ளபோது நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைக்கலாம்; அரிதாகக் குற்றத் தீர்ப்பையே நிறுத்திவைக்கலாம். முன்னதில் சிறைவாசம் மட்டும் தடைபடும், தீர்ப்பு நிற்கும். பின்னதில் தீர்ப்பின் விளைவுகளும் தடைபடும். இரண்டிலும் தீர்ப்பு நீக்கப்படவில்லை. நாளிதழ்த் தலைப்புகள் இம்மூன்றையும் ஒன்றாகவே ‘நிவாரணம்’ என்று எழுதுவதால் மயக்கம் மிகுகிறது. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் உடனே பதவி இழப்பார் என்று 2013 சூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், இவ்வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கமாக இல்லை; ஒருவர் இன்று உறுப்பினரா இல்லையா என்பதையே அது முடிவு செய்கிறது.

இலட்சத்தீவு உறுப்பினராக இருந்த முகம்மது பைசல் வழக்கை நோக்கலாம். 2023 சனவரி 11 அன்று கவரத்தி நீதிமன்றம் கொலை முயற்சி வழக்கில் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. சனவரி 25 அன்று கேரள உயர்நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. மார்ச் 29 அன்று மக்களவை உறுப்பினர் நிலை மீண்டது. ஆகஸ்டு 22 அன்று உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்ற ஆணையை நீக்கி மறு ஆய்வுக்கு அனுப்பியது. அக்டோபர் 3 அன்று உயர்நீதிமன்றம் இம்முறை மறுத்தது. மறுநாள் பதவி போயிற்று. அக்டோபர் 9 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் நிறுத்திவைத்தது. ஓராண்டுக்குள் இத்தனை மாற்றங்கள். இவற்றுள் எதுவும் அவர் குற்றம் செய்தார் அல்லது செய்யவில்லை என்று இறுதியாகக் கூறியதன்று. ‘குற்றவாளி’ என்று சனவரியில் எழுதியவர் அதே மாதத்தில் அழித்திருக்க வேண்டும், அக்டோபரில் மீண்டும் எழுதி ஒரு வாரத்திற்குள் மீண்டும் அழித்திருக்க வேண்டும். ‘இந்நாளில் இந்நீதிமன்றம் இவ்வாறு தீர்ப்பளித்தது’ என்று எழுதியவர் எதையும் அழிக்க வேண்டியதில்லை. அடுத்த தொடரைச் சேர்த்தாலே போதும். அழிக்க வேண்டிய தேவை எழாதபடி எழுதுவது, திருத்துநர்களிடையே பூசல் எழாமைக்கும் வழியாகும்.

இதே வேறுபாடு தமிழகத்தில் அரசியலமைப்புச் சிக்கலாகவே மாறியது. அமைச்சராக இருந்த க. பொன்முடியைச் சொத்துக் குவிப்பு வழக்கில் 2016இல் கீழ்நீதிமன்றம் விடுவித்திருந்தது. 2023 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை மாற்றி மூன்றாண்டுத் தண்டனை விதித்தது. 2024 மார்ச் 11 அன்று உச்சநீதிமன்றம் குற்றத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தீர்ப்பு நிறுத்தப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை என்று காரணங்காட்டி ஆளுநர் ஆர். என். ரவி அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்க மறுத்தார். உச்சநீதிமன்றம் கடிந்துரைத்த பின்னர் மார்ச் 22 அன்று பதவியேற்பு நடந்தது. ஆளுநர் காட்டிய சொல் வேறுபாடு அகராதிப்படி சரியானதே. அதிலிருந்து அவர் பெற்ற முடிவே பிழையானது. நிறுத்திவைக்கப்பட்ட தீர்ப்பைக் கொண்டு ஒருவரை இன்றைய குற்றவாளியாக நடத்தல் ஆகாது. நீக்கப்படாததை நீக்கப்பட்டதாகச் சொல்லலும் ஆகாது. கலைக்களஞ்சியம் எழுதுபவர் நிற்க வேண்டிய ஒடுங்கிய இடம் இதுவே.

இறந்தவர் வழக்கு

ஜெ. ஜெயலலிதாவின் வழக்குகள் இச்சிக்கலின் எல்லையைக் காட்டுவன. டான்சி நில வழக்கில் 2000இல் தண்டனை, 2001இல் உயர்நீதிமன்றத்தில் விடுவிப்பு, 2003 நவம்பரில் உச்சநீதிமன்றம் அவ்விடுவிப்பை உறுதி செய்தது. ஆயினும் அதே தீர்ப்பில், அவர் தம் மனச்சான்றுக்கு விடைகூறிக் கழுவாய் தேட வேண்டும், நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நீதிபதிகள் குறிப்பிட்டனர். ‘விடுவிக்கப்பட்டார்’ என்பது சட்ட உண்மை. நீதிமன்றம் ஒழுக்கக் குறை கண்டது என்பதும் அத்தீர்ப்பிலேயே உள்ள உண்மை. ஒன்றை மட்டும் எழுதுபவர் தம் சார்பை எழுதுகிறார்.

சொத்துக் குவிப்பு வழக்கு இன்னும் கடினமானது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூருத் தனி நீதிமன்றம் நான்காண்டுச் சிறையும் நூறு கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் விடுவித்தது. கர்நாடக அரசு உச்சநீதிமன்றம் சென்றது. தீர்ப்பு வரும் முன் 2016 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்சநீதிமன்றம் ஏனைய மூவர்மீது தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. ஜெயலலிதாவைப் பொறுத்தவரை மேல்முறையீடு அவர் மறைவால் அற்றுப்போனதாகப் பதிவு செய்தது. 2019 சனவரியில், அரசு செலவில் அவருக்கு நினைவிடம் அமைப்பதை எதிர்த்த வழக்கைத் தள்ளுபடி செய்த சென்னை உயர்நீதிமன்றம், இறுதித் தீர்ப்புக்கு முன் மறைந்தவரைத் தண்டனை பெற்றவராகக் கொள்ள இயலாது என்றது.

எனவே அவர் குற்றவாளியா? சட்டம் ‘இல்லை’ என்கிறது. அவ்விடையை மட்டும் எழுதி நிறுத்தினால், சான்றுகளை ஆராய்ந்த உச்சநீதிமன்றம் அவரும் உள்ளிட்ட கூட்டுச்சதியைப் பற்றி என்ன கூறியது என்பது மறைந்துபோகும். ‘ஆம்’ என்று எழுதினால், விடைகூற இயலாத ஒருவர்மீது எந்த நீதிமன்றமும் இறுதியாக விதிக்காத பெயர் ஏறும். பெயர்ச்சொல்லைக் கொண்டு விடைதர முடியாத வினா இது. வினைச்சொற்களோ இங்குத் தடுமாறுவதில்லை: தண்டித்தது, விடுவித்தது, மறைந்தார், அற்றுப்போனது, மீட்டது. ஐந்து வினைமுற்றுகளும் ஐந்து எழுவாய்களும் இருந்தால் படிப்பவர் தம் முடிவுக்குத் தாமே வரலாம்.

அளவும் இடமும்

பெருந்தலைவர்களின் பக்கங்கள் நீளமானவை. ஒரு வழக்கு அங்கு ஓர் உட்தலைப்பு. உள்ளூர் அரசியலாளர் பக்கமோ பெரும்பாலும் பிறப்பு, தொகுதி, தேர்தல் ஆண்டு என மூன்று தொடர்களில் முடிவது. நான்காவதாக ஒரு குற்றத் தீர்ப்புச் சேர்ந்தால் அது ஒருவர் வாழ்வில் கால்பங்காகிறது. அவர் கட்டிய பள்ளியைப் பற்றியோ, கெடுத்த ஏரியைப் பற்றியோ நாளிதழ் எழுதாதிருக்கலாம்; கைதானதை எழுதியிருக்கும். சான்றுள்ளதை மட்டும் எழுதுதல் என்னும் நல்ல விதியே இங்குக் கோணலை உண்டாக்குகிறது. தீர்ப்பை நீக்குவது இதற்குத் தீர்வாகாது. வாழ்வின் ஏனைய பகுதிகளைத் தேடிச் சேர்ப்பதே வழி. அவ்வுழைப்புக்கு ஆள் குறைவு என்பதும் உண்மை.

2005இல் அமெரிக்க இதழாளர் ஜான் சீகந்தாலரைக் கென்னடி கொலைகளோடு தொடர்புபடுத்திய பொய்க்குறிப்பு நான்கு மாதங்கள் விக்கிப்பீடியாவில் இருந்தது. வாழும் மனிதரைப் பற்றிய கட்டுரைகளுக்கான விதிகள் இறுகியது அதன் பின்னரே. அவ்விதிகளின்படி நீதிமன்ற ஆவணத்தை மட்டும் கொண்டு எழுதுதல் ஏற்கப்படுவதில்லை. நம்பத்தகுந்த பிறர் எழுதியிருத்தல் வேண்டும். பொதுவாழ்வில் இல்லாதவர்க்கு இக்காப்பு மிகுதி, ஆட்சியில் இருப்பவர்க்குக் குறைவு. இது சரியான ஏற்பாடே. தம்மேல் உள்ள வழக்குகளை வேட்பாளர் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று 2002, 2003 ஆண்டுகளின் தீர்ப்புகள் நிலைநாட்டிய நாட்டில், அரசியலாளர் மறக்கப்படும் உரிமை கோருவது பொருந்தாது. 2022 டிசம்பர் 22 அன்று கேரள உயர்நீதிமன்றமும், நடப்பிலோ அண்மையிலோ உள்ள நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு அவ்வுரிமை பொருந்தாது என்றே கூறியது.

இவ்விடத்தில் எதிர்த்திசைப் பிழையொன்றையும் சுட்ட வேண்டும். நடுநிலை என்னும் பெயரில், இறுதியாக முடிந்த தீர்ப்பையும் ‘ஊழல் செய்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதும் வழக்கம் பரவியுள்ளது. உச்சநீதிமன்றம் கூறியதை ஊரார் கூற்றாக்கும் இச்செயப்பாட்டு வினை, எழுவாயை மறைப்பதால் குற்றவாளி என்னும் பெயருக்கு நிகரான தீங்குடையது. தண்டிக்கப்பட்டவர் தீர்ப்பை இன்றும் மறுக்கிறார் எனில், ‘அவர் மறுக்கிறார்’ என்று அவரையே எழுவாயாக்கி எழுத வேண்டும்.

சிலம்பு காட்டும் முறை

தவறான குற்றத் தீர்ப்பை மையமாகக் கொண்ட காப்பியம் தமிழில் உண்டு. அதனை இயற்றிய இளங்கோ சேர மரபினர் என்பது வழிவழிச் செய்தி. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லால் கோவலனுக்குக் ‘கள்வன்’ என்னும் பெயர் ஏறுகிறது. ஆராயாத அரசாணையால் அவன் உயிர் போகிறது. வழக்குரை காதையில் கண்ணகி மறுப்பது அப்பெயரைத்தான். சிலம்பின் பரல் கண்ட பாண்டியன், அதே பெயரைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு வீழ்கிறான்.

காப்பியம் இதனைச் சொல்லும் முறை இக்கட்டுரைப் பொருளுக்கு நெருக்கமானது. தீர்ப்பு மாறிவிட்டது என்பதற்காக முதல் தீர்ப்பு கதையிலிருந்து நீக்கப்படவில்லை. யார் சொன்னார், யார் ஆணையிட்டார், யார் வாள் வீசினார், எந்தச் சான்றால் மாறியது என்பவை அனைத்தும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. கோவலன் கள்வனல்லன் என்று நிறுவப்பட்டதால் அவன் குறையற்றவனாகவும் ஆக்கப்படவில்லை. மாதவியிடம் தங்கியதும், குலப்பொருள் தொலைத்ததும், மனைவியைப் பிரிந்ததும் அப்படியே உள்ளன. ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுபடுதல் வேறு, நற்சான்று பெறுதல் வேறு. டான்சி வழக்கில் உச்சநீதிமன்றம் பிரித்துக் காட்டிய கோடும் இதுதான்.

பாண்டியன் பக்கத்தையும் இளங்கோ ஒரே சொல்லில் அடைக்கவில்லை. கள்வன் என்று அவனைச் சொன்னவன் அவனே, நூலாசிரியர் அல்லர்.

வாழும் மனிதருக்கான விதிகள் ஒருவர் இறந்ததும் தளர்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியா அண்மையில் இறந்தவர்க்குச் சிறிது காலம் அக்காப்பை நீட்டிக்க இடந்தருகிறது. அதன்பின் பக்கம் திறந்து கிடக்கும். பிள்ளை 2021 மே 3 அன்று மறைந்தார். அவர் கட்சியினருக்கு அவர் தலைவர். எதிர்ப்பாளருக்கு அவர் 5990. மறுமொழி கூற அவர் இல்லாத பக்கத்தில் 2003ஆம் ஆண்டின் தொடரை ஒருவர் நீக்கலாம், 2011ஆம் ஆண்டின் தொடரை மற்றொருவர் நீக்கலாம். ஆயினும் திருத்த வரலாறு என்னும் பகுதியில் நீக்கியவர் இட்ட பெயரும் நேரமும், நீக்கப்பட்ட தொடரும் தங்கியிருக்கும். காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததைக் கல்லில் வெட்டியவர்க்கு அத்தகைய பகுதியொன்றை விட்டுவைக்க நேரவில்லை.